கைக்குழந்தைக்குக் காய்ச்சல்: மூன்று அளவுகோல்களில் எதை நம்பலாம்?

பிறந்து மூன்று மாதம் ஆகாத பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸ் காட்டினால், கொழும்பில் ஒரு டொக்டர் உடனே வார்டில் சேர்க்கச் சொல்வார். இன்னொருவர் இரத்தமும் சிறுநீரும் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்பார். இருவருக்கும் பயம் ஒன்றுதான்: சிறுநீர்த் தொற்று, இரத்தத்தில் பக்டீரியா, மூளைச்சவ்வுத் தொற்று. பெரும்பாலும் வைரஸாகத்தான் இருக்கும், ஆனால் முதல் சில மணித்தியாலங்களில் எல்லாக் காய்ச்சலும் ஒரே மாதிரித்தான் தெரியும். அதைப் பிரிக்கத்தான் ரோசெஸ்டர், ஸ்டெப்-பை-ஸ்டெப், பீகார்ன் என்ற இந்த மூன்று அளவுகோல்கள்.

1980களில் வந்த ரோசெஸ்டர் முறை மலிவானது. நிறைமாதத்தில் பிறந்து, நன்றாகத் தோன்றும் 60 நாளுக்குட்பட்ட பிள்ளைக்கு இரத்தத்தில் வெள்ளணு ஒரு மைக்ரோலீட்டருக்கு 5,000 முதல் 15,000 வரை இருந்து, சிறுநீரும் சுத்தமாக இருந்தால் ஆபத்து குறைவு என்று கொள்ளும். முதுகில் ஊசி குத்த வேண்டியதில்லை. டெங்கு வந்த பிறகு எஃப்.பி.சி. (இரத்த அணுக்களின் எண்ணிக்கை) ரிப்போர்ட் படிக்கத் தெரியாத தாய் தகப்பன் இந்த நகரத்தில் இல்லை. அதனால் இந்த முறை நமக்கு உடனே பிடித்துவிடும். சிக்கலும் அங்கேதான். வெள்ளணு சரியாக இருந்தும் இரத்தத்தில் கிருமி இருக்கலாம்.

2016இல் வெளியான, ஐரோப்பிய மருத்துவமனைகளில் 2,185 பிள்ளைகளைப் பார்த்த ஆய்வில் இது வெளிப்பட்டது. இரத்தத்திலோ மூளைச்சவ்விலோ கிருமி இருந்த 87 பேரில் 16 பேரை ரோசெஸ்டர் தவறவிட்டது. ஸ்டெப்-பை-ஸ்டெப் முறை தவறவிட்டது 7 பேரை. அது ஒரு வரிசைப்படி போகும்: பிள்ளை பார்க்க எப்படி இருக்கிறது, வயது 21 நாளைத் தாண்டியதா, சிறுநீரில் வெள்ளணு உண்டா, அப்புறம்தான் இரத்தச் சோதனைகள்: புரோகால்சிடோனின், சி.ஆர்.பி. (இரண்டும் பக்டீரியாத் தொற்றில் கூடும் புரதங்கள்), நியூட்ரோபில் (ஒரு வகை வெள்ளணு). கண்ணால் பார்ப்பதை முதலில் வைப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

2019இல் அமெரிக்காவில் வந்த பீகார்ன் முறைக்கு மூன்றே கேள்விகள்: சிறுநீர், நியூட்ரோபில், புரோகால்சிடோனின். சிறுநீர்த் தொற்றையும் சேர்த்து, கடுமையான பக்டீரியாத் தொற்று இருந்த பிள்ளைகளில் 97.7 வீதத்தினரைப் பிடித்தது. எண்ணிக்கையில் இதுதான் முதலிடம். ஆனால் புரோகால்சிடோனின் முடிவு கையில் இல்லாவிட்டால் பீகார்ன் ஓடாது. முதல் 28 நாட்களுக்குள் இதை நம்பி வீட்டுக்கு அனுப்பவும் தயங்க வேண்டும். அந்த வயதில் எனக்கு எந்த முறையும் வேண்டாம். லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை போன்ற இடத்தில் சேர்த்து, முதுகுநீர் உட்பட எல்லாம் பார்ப்பதே சரி.

மூன்றும் சிறுநீரில் தங்கியிருக்கின்றன. பையை ஒட்டிப் பிடித்த சிறுநீரில் தோல் கிருமியும் கலந்துவிடும். கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) குழாய் போட்டு எடுப்பதே நல்லது. பிள்ளை அழும், பரவாயில்லை.

ஸ்டெப்-பை-ஸ்டெப் தவறவிட்டவர்களில் பலர் காய்ச்சல் தொடங்கிய கையோடு கொண்டுவரப்பட்டவர்கள். இரத்தச் சோதனையில் மாற்றம் தெரிய நேரம் எடுக்கும். ஆகவே எத்தனை மணிக்குச் சுட்டது, கடைசியாக எப்போது பால் குடித்தது என்பதை டொக்டரிடம் சொல்லுங்கள். பனடோல் கொடுத்ததும் சூடு இறங்கியது என்பதை நல்ல அறிகுறியாக எடுக்காதீர்கள், பக்டீரியாக் காய்ச்சலும் அப்படி இறங்கும். பாமசியில் வாங்கிய அன்டிபயோட்டிக் ஒரு வேளை உள்ளே போனாலும் கல்ச்சர் முடிவு குழம்பிவிடும். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, முனகி மூச்சு வாங்கினாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ எந்த அளவுகோலும் தேவையில்லை; 1990 அம்புலன்ஸை அழைத்துப் புறப்படுங்கள்.