மடிப்பு இறங்குதளம்: சிறிய டிரோன்களுக்கு அவசியமான துணைக்கருவி

சிறிய டிரோன்களுக்கென விற்கப்படும், 75 செ.மீ. விட்டமுள்ள இந்த வட்ட விரிப்பை வீண் செலவு என்று ஒதுக்கிவிட முடியாது. 250 கிராமுக்கும் குறைவான டிரோனின் அடிப்பகுதி தரையை ஏறக்குறைய ஒட்டியே இருப்பதால், புல்வெளியிலிருந்து கிளப்பினால் இறக்கைகள் புல் நுனிகளில் உரசும். மண் தரையிலோ, அவை கிளப்பும் தூசியும் மணலும் மோட்டாருக்குள் புகும். கேமராவைத் தாங்கும் கிம்பலும் தடைபட்டுப் பிழை காட்டும். இந்தத் தொல்லைகளை விரிப்பு பெருமளவு தவிர்த்துவிடுகிறது.

இதன் அருமை இறங்கும்போதுதான் நன்கு புலப்படுகிறது. கீழ்நோக்கிய சென்சார்களுக்குத் தெளிவான கோடுகளும் நிற வேறுபாடும் தேவை. ஆரஞ்சுப் பரப்பின் நடுவே உள்ள பெரிய வெள்ளை எழுத்து அதற்கு ஏற்றதாக உள்ளது. ஜி.பி.எஸ். புறப்பட்ட இடத்தைப் பதிவு செய்த பின்னரே கிளப்பி, முதலில் செங்குத்தாகவே சில மீட்டர் உயர்த்தினால், துல்லிய இறக்க வசதியுள்ள டிரோன் திரும்பும்போது விரிப்பின் மேலேயே வந்து அமர்கிறது.

குறை என்றால் விரிப்பின் எடை மிகக் குறைவு என்பதுதான். டிரோன் தாழ வரும்போது எழும் காற்றில் ஓரம் படபடத்து மேலெழும்புகிறது; இது இறக்கையில் பட்டால் டிரோன் கவிழ்ந்துவிடும். உடன் தரும் மெல்லிய முளைகள் கெட்டித் தரையில் வளைந்துவிடுவதால், உறுதியான முளைகளைத் தனியாக வாங்கி விரிப்பின் ஓரத்திலுள்ள எல்லா வளையங்களிலும் அடிப்பது நல்லது. மழையில் நனைந்த துணி பளபளத்துச் சென்சாரைக் குழப்பக்கூடும் என்பதால், அதைத் துடைத்த பிறகே டிரோனை இறக்க வேண்டும்.