வாங்கலாமா என்று கேட்டால்: எங்கள் ஐசியூ வெண்டிலேட்டரும் அதன் ஃப்ளோ சென்சாரும்

வேறு ஊரில் இதய அறுவைப் பிரிவு தொடங்கும் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிற வெண்டிலேட்டர் எப்படி, வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். நோயாளிக்குச் செயற்கையாக மூச்சு கொடுக்கும் மிஷின் அது. கேட்ட நேரம் சரியில்லை. மிஷின் இப்போதுதான் ரிப்பேர் முடிந்து வந்திருக்கிறது, பில்லோடு.

முதலில் நியாயத்தைப் பேசிவிடுகிறேன். நோயாளியின் மூச்சுக்கு ஏற்பத் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் ஒரு மோட் இதில் உண்டு, அது அருமை. பைபாஸ் முடிந்து மயக்கத்தோடு வருபவருக்கு முழு மூச்சையும் அதுவே கொடுக்கும். அவராக இழுக்கத் தொடங்கியதும் கட்டாய மூச்சை நிறுத்தி, துணைக்கு மட்டும் நிற்கும். அழுத்தத்தையும் மெல்ல மெல்ல இறக்கும். ஒரே சிஸ்டர் இரண்டு படுக்கையைப் பார்க்கும் ராத்திரிகளில் இது சாதாரண உதவி இல்லை.

மூச்சின் அளவைக் கணக்கிட மிஷின் எடையை விட்டுவிட்டு உயரத்தைக் கேட்பதும் எனக்குப் பிடிக்கும். 150 செ.மீ. உயரம், 70 கிலோ எடை உள்ள அம்மாவுக்கு உயரத்தை வைத்துப் போடும் நுரையீரல் கணக்கில் எடை 43 கிலோதான். ஒரு மூச்சுக்குக் கிலோவுக்கு 8 மில்லி காற்று வைத்தால் சுமார் 345 மில்லி வரும். தராசை நம்பினால் 560. உடம்பு பெருத்தால் நுரையீரலும் பெருக்குமா என்ன?

சரி, இப்போது கோபம். வாய் டியூபுக்குப் பக்கத்தில், காற்று போய்வருவதை அளக்கும் ஃப்ளோ சென்சார் என்று ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறது. அதிலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் மிஷினுக்குப் போகும். ஹியூமிடிஃபையரின் சூடான ஈரக்காற்று எங்கள் ஏசி குளிரில் பட்டு நீர்த்துளியாகி, அங்கேயே தங்கிவிடும். திரையில் ஃப்ளோ கோடு ரம்பப் பல் மாதிரி நடுங்கும். நோயாளி எவ்வளவு இழுத்தால் அதை மூச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற அளவுதான் ட்ரிகர்; அது நிமிடத்துக்கு 2 லிட்டரில் இருந்தால், அந்த நடுக்கத்தையே நோயாளி இழுக்கும் மூச்சு என்று மிஷின் நம்பிவிடும்.

இங்கேதான் அந்த அருமையான மோட் காலை வாருகிறது. தசை தளர்த்தும் மருந்தின் வேகமே இன்னும் தணியாத ஒருவரை, சொந்தமாக மூச்சு விடுகிறார் என்று திரை காட்டும். மூச்சு எண்ணிக்கை 28-க்கு ஏறும், கார்பன் டை ஆக்சைடு இறங்கும். தண்ணீரை வடித்து, ட்ரிகரை 5 லிட்டருக்கு ஏற்றியதும் எண்ணிக்கை 14-க்கு வந்து நிற்கும். அவர் மூச்சே இழுக்கவில்லை என்பது அப்போது தெரியும். இதயத் துடிப்பின் அதிர்வேகூட சில நேரம் இப்படி ட்ரிகர் ஆகும். அது மற்ற மிஷின்களிலும் உண்டு, அதை இதன் தலையில் கட்ட மாட்டேன். தண்ணீர் விஷயத்தை விட மாட்டேன்.

குழாய்கள் மேல்நோக்கி இருக்கும்படி சென்சாரைத் திருப்பி வைத்தால் பாதித் தொல்லை குறையும். ஆனால் ஒவ்வொரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போதும் அது கவிழ்ந்துவிடும். சர்வீஸ் எஞ்சினியரிடம் சொன்னேன். "ஏசியக் குறைச்சுக்கங்க சார்" என்றார். நாலு மணி நேரம் கவுனுக்குள் நின்று பார்த்துவிட்டு அவர் அதைச் சொல்லட்டும்.

அதனால் நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். அப்புறம் ஒன்று, எங்களுக்கு இதே மாடலில் இன்னொன்று வருகிறது. ஆர்டரில் கையெழுத்துப் போட்டது நான்தான். கூடவே சென்சார் ஒரு பெட்டி கேட்டிருக்கிறேன்.