தலைமன்னார் கப்பல் திரும்பி வந்தால் யார் ஏறுவார்கள்?

"தலைமன்னார் கப்பல் திரும்பவும் விடுவாங்களாமே?" எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி இல்லாமல் ஒரு தீபாவளி முடிந்ததில்லை. பாட்டி இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரு நாடுகளும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்து, எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். அவருக்கு அந்தக் கப்பல் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். எனக்கு வேறொரு கேள்வி: வந்தால் ஓடுமா? 2011-இல் தூத்துக்குடியில் ஒன்று விட்டார்கள், நின்றுபோனது. 2023-இல் நாகப்பட்டினத்தில் ஒன்று விட்டார்கள், நின்று நின்று ஓடுகிறது. இந்த மூன்றையும், போட்டிக்கு இருக்கும் விமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது யாருக்கு என்று தெரியும்.

முதலில் பழையதை எடுத்துக்கொள்வோம். கப்பல் என்று எல்லோரும் சொன்னாலும் அது உண்மையில் ரயில் – கப்பல் – ரயில். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ஏறினால் ரயில் தனுஷ்கோடி இறங்குதுறை வரைக்கும் கொண்டுவந்து விடும், அங்கே நீராவிக் கப்பலில் மாறி ஏறக்குறைய 35 கிலோமீட்டர் கடலைத் தாண்டினால் தலைமன்னார் பியரில், அதாவது இறங்குதுறையில், கொழும்பு ரயில் நிற்கும். இர்வின், கோஷன் என்று கப்பல்களின் பெயரை இன்றைக்கும் சொல்லும் பெரியவர்கள் ராமேஸ்வரத்தில் உண்டு. கடல் பயணம் இரண்டு மூன்று மணி நேரம்தான், மிச்சமெல்லாம் தண்டவாளம். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலையும் கொண்டுபோனது. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்தே நேராகத் தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது. பாட்டி வந்தது அப்படி ஓடிய 'ராமானுஜம்' கப்பலில்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் இலங்கையில் போர் மூண்டதும் அதுவும் நின்றது. சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் ரயிலை மட்டும் இன்னும் 'போட் மெயில்' என்றே கூப்பிடுகிறோம், போட்டும் இல்லை, மெயிலும் இல்லை.

தூத்துக்குடி – கொழும்பு கதை சுருக்கமானது. 2011 ஜூன் மாதம் 'ஸ்கோஷியா பிரின்ஸ்' என்ற பெரிய கப்பல், ஆயிரம் பேருக்கு மேல் ஏறலாம், ராத்திரி ஏறினால் காலையில் கொழும்பு. அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள். கூட்டம் சேரவில்லை. ஏன் சேரும்? திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம், கப்பலில் ஏறக்குறைய பதினான்கு மணி நேரம். மூட்டை முடிச்சோடு போய்வரும் சிறு வியாபாரிகளுக்கு, 'குருவி' என்று சொல்வோமே அவர்களுக்கு, இது தோது. ஆனால் ஆயிரம் இருக்கையைக் குருவிகளை மட்டும் வைத்து நிரப்ப முடியாது. இந்த வழி திரும்பவும் வந்தால் சரக்கையும் சேர்த்து ஏற்றினால்தான் தாக்குப்பிடிக்கும் என்பது என் கணிப்பு. நம்மைப் போன்ற பயணிகள் அதற்காகக் காத்திருப்பது வீண்.

நாகப்பட்டினம் – யாழ்ப்பாணம் பக்கத்துக் காங்கேசன்துறை வேறு கணக்கு. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். 2023 அக்டோபர் 14 அன்று 'செரியபாணி' என்ற 150 இருக்கைக் கப்பல் கிளம்பியது, வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது! ஒரே வாரத்தில், 20ஆம் தேதியோடு, நிறுத்தினார்கள். அக்டோபரில் பாக் நீரிணையில் கப்பல் சேவை தொடங்கலாம் என்று யோசனை சொன்னவர் யாரோ, நாகையில் எந்த மீனவரைக் கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றிருப்பார். 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடியும் ஆரம்பித்தார்கள். ஆரம்பக் கட்டணம் ஒரு வழிக்கு 5,000 ரூபாய், மேல்வகுப்பு 7,500, வரி தனி. அதே ஆண்டு நவம்பரில் மழைக்காக நிறுத்தி, 2025 பிப்ரவரியில் மீண்டும் விட்டார்கள். நடத்தும் செலவில் ஒரு பங்கை இந்திய அரசு ஏற்கிறது. டிக்கெட் காசை மட்டும் நம்பி ஓடும் சேவை இல்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பெரிய சிக்கல் மழை இல்லை, பலாலி. காங்கேசன்துறையும் பலாலி விமான நிலையமும் பக்கம் பக்கம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சின்ன விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம், 2025 முதல் திருச்சியிலிருந்தும் இருக்கிறது. அதாவது கப்பலும் விமானமும் ஒரே ஊரில், ஒரே ஆட்களைக் கொண்டுபோய் இறக்குகின்றன. நீங்கள் சென்னைக்காரர் என்றால் நாகப்பட்டினம் போய்ச் சேரவே ஒரு ராத்திரி ஆகும், அப்புறம் குடிவரவு, சுங்கம், நாலு மணி நேரக் கடல். தஞ்சாவூர், கும்பகோணம், காரைக்கால் பக்கம் இருப்பவருக்கு நாகை வாசற்படி, அவர் கப்பலில் போகலாம். சாமான் அதிகம் உள்ளவர், விமானத்துக்குப் பயப்படுபவர், கடலைப் பார்த்துக்கொண்டு போக ஆசைப்படுபவர், இவர்களும் போகலாம். அவசரமாக ஒரு சாவுக்குப் போகிறவர் விமானத்தில்தான் போவார். காற்று மாறினால் கப்பல் கிளம்பாது, பாருங்கள்.

இப்போது தலைமன்னாருக்கு வருவோம். அந்தப் பக்கத்துக்குப் பயணிகள் விமானம் ஒன்றும் கிடையாது. இதைத்தான் நான் வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: தூத்துக்குடிக் கப்பல் கொழும்பு விமானத்தோடு மோதித் தோற்றது, நாகைக் கப்பல் பலாலி விமானத்தோடு மல்லுக்கட்டுகிறது, தலைமன்னாருக்கு மட்டும்தான் போட்டியே இல்லை. மன்னார், வவுனியா, அனுராதபுரம் போகிறவர்கள், திருக்கேதீஸ்வரத்துக்கும் மடு மாதா கோயிலுக்கும் போகிறவர்கள், மலையகத்தில் சொந்தம் வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்கள், அந்தப் பக்கமிருந்து ராமேஸ்வரம் கோயிலுக்கு வருகிறவர்கள், எல்லோருக்கும் நேர்வழி அதுதான். தலைமன்னாரில் ரயில் ஏறி பொல்காவலையில் மாறினால் ஹட்டன் வந்துவிடும். இதையே காங்கேசன்துறை வழியாகப் போனால் யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று வடக்கை முழுக்கச் சுற்றிக்கொண்டு மதவாச்சியில் வந்து அதே தண்டவாளத்தில் சேர வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இது சரிப்படாது, ஒப்புக்கொள்கிறேன். தலைமன்னாரில் இறங்கி, மன்னார், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் என்று பேருந்தில் இன்னும் மூன்று நாலு மணி நேரம் போக அவருக்கு என்ன தலையெழுத்தா? அவருக்கு நாகையே மேல், அதைவிட விமானம் மேல்.

சரி, வருமா? தண்டவாளம் இரண்டு பக்கமும் தயார். தலைமன்னார் பியர் வரைக்கும் ரயில் 2015 மார்ச்சில் திரும்ப வந்தது, இந்தப் பக்கம் புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. 2024 டிசம்பரில் இலங்கை ஜனாதிபதி டெல்லி வந்தபோது வெளியான கூட்டறிக்கையில், ராமேஸ்வரம் – தலைமன்னார் சேவையைச் சீக்கிரம் தொடங்க அதிகாரிகள் வேலை செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 'சீக்கிரம்' என்ற சொல்லுக்கு அரசாங்க அகராதியில் என்ன பொருளோ. இல்லாதது நடுவில் உள்ள துண்டுதான்: கப்பல் அணையத் தகுந்த இறங்குதுறை, குடிவரவுக் கட்டடம், ஆழமில்லாத மணல்திட்டுக் கடலில் போகக்கூடிய சின்னக் கப்பல்.

காற்றுப் பிரச்சினை இங்கேயும் உண்டு, ஆனால் கொஞ்சம் வித்தியாசமாக. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் ராமேஸ்வரத்தில் சொல்வார்கள். வாடைக் காலத்தில் வடக்குப் பக்கம் கொந்தளிக்கும், தென்மேற்குக் காற்று அடிக்கையில் தெற்குப் பக்கம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு துறை கட்டினால் காலத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம், நாகையில் அப்படி மாற்றிக்கொள்ள வழியே இல்லை. செலவு இரட்டிப்பாகும், அதற்குத்தான் யாரும் வாய் திறக்கவில்லை.

ராமேஸ்வரத்திலிருந்து எல்லை தாண்டிப் படகில் போவது முழுக்க நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பாஸ்போர்ட் இல்லாமலே விசைப்படகுகளில் போய் வருகிறார்கள். இரண்டு நாள்தான், அந்தத் தீவோடு சரி. ஆனால் ஆட்களைச் சரிபார்த்து ஏற்றி இறக்க அதிகாரிகளுக்குத் தெரியும் என்பதற்கு அது போதும்.

என்னைக் கேட்டால், தலைமன்னாருக்குக் கப்பல் மட்டும் விட்டுவிட்டு ரயிலை அதன் நேரத்துக்கு ஓட விட்டால் பயனில்லை. காலையில் போட் மெயில் வந்து சேர்ந்ததும் கப்பல், கப்பல் சேர்ந்ததும் அந்தப் பக்கம் ரயில், முடிந்தால் ஒரே டிக்கெட். இல்லையென்றால் தலைமன்னாரில் இறங்கிய நூறு பேரும் வேன்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்பார்கள், அடுத்த தடவை விமானத்தில் கொழும்புக்கே போய்விடுவார்கள்.

வரும் மார்ச்சில் பாட்டியை ஹட்டனுக்குக் கூட்டிப்போக வேண்டும். விமானம் வேண்டாம் என்கிறார். நாகையில் ஏறி, காங்கேசன்துறையில் இறங்கி, அங்கிருந்து ரயில் என்று போட்டிருக்கிறேன். வழியை விரலால் காட்டியபோது வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு மேலே போய் ஏன்டா கீழே வரணும்?" என்றார்.