பல்கலைக்கழக நூலகத்தின் கேட்டலாக்கும் டேட்டாபேஸ்களும்: இரண்டு வருடம் புழங்கிய பிறகு

முதல் வாரமே ஏமாந்தேன். பேராசிரியர் படிக்கச் சொன்ன ஒரு கட்டுரையின் தலைப்பை அப்படியே நூலகத்தின் கேட்டலாக்கில் ஒட்டினேன், முடிவுகள் எதுவும் இல்லை என்றது, சரி இங்கே இல்லை போலிருக்கிறது என்று வெளியே தேடப் போய், காசு கட்டினால்தான் திறப்பேன் என்று நிற்கும் ஒரு பக்கத்தில் முட்டிக்கொண்டு, இரண்டு நாள் வீணாக்கிவிட்டு நூலகரிடம் போய்ப் புலம்பினால், அவர் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு நிமிடத்தில் பிடிஎஃப்பை எடுத்துக் கொடுத்துவிட்டார். கட்டுரை நூலகத்தில்தான் இருந்தது. நான் தேடிய இடம்தான் தப்பு.

இதை யாரும் முதலிலேயே சொல்வதில்லை. கேட்டலாக் என்பது நூலகத்தின் சொத்துப் பட்டியல். என்ன புத்தகம், எந்தப் பதிப்பு, எத்தனை படி, எந்த மாடி, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஆனால் இதழின் பெயர் தெரியுமே தவிர இதழுக்குள் இருக்கும் கட்டுரைகள் தெரியாது. பலர் எழுதிய கட்டுரைகளைத் தொகுத்த புத்தகம் என்றால், தொகுப்பின் பெயரைப் போட்டால் வரும், உள்ளே இருக்கும் அத்தியாயத்தின் பெயரைப் போட்டால் பெரும்பாலும் வராது. கட்டுரை வேண்டுமானால், இதழ்களுக்குள் இருக்கும் கட்டுரைகளைத் தேடித் தருகிற டேட்டாபேஸுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் இதழின் பெயரைக் கேட்டலாக்கில் போட்டு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை நம்மிடம் இருக்கிறது என்று பார்த்து உள்ளே நுழைய வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நூலகத்தின் முகப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் என் இரண்டு நாள் மிஞ்சியிருக்கும்.

கேட்டலாக் கொஞ்சம் பழைய ஆள். நாம் பார்க்கும் திரை வருடத்துக்கு ஒரு தடவை புது வர்ணம் பூசிக்கொள்கிறது, ஆனால் அடியில் ஓடுவது இன்னமும் மார்க் என்ற பதிவு வடிவம்தான். 1960களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்றியட் ஆவ்ரம் என்பவர் தலைமையில், அட்டைப் பட்டியலைக் கணினி படிக்கிற மாதிரி மாற்றுவதற்காகச் செய்தது. அதனால் அதன் புத்தியும் அட்டையின் புத்திதான். புத்தகத்துக்குள் ஒரு விஷயம் நூறு பக்கத்துக்கு வந்திருந்தாலும், பதிவில் அந்தச் சொல் இல்லையென்றால் கேட்டலாக்குக்கு அது இல்லாத விஷயம்.

இதற்கு மருந்து, 'பொருள் தலைப்பு'. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அது எதைப் பற்றியது என்று நூலகர்கள் ஒரு கட்டுப்பாடான சொல்லைக் கொடுத்து வைத்திருப்பார்கள். நாம் பேசும் சொல்லும் அந்தச் சொல்லும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. சமையலுக்குக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியலில் ரொம்ப காலமாகக் 'குக்கரி' என்றுதான் இருந்தது, 2010ல்தான் 'குக்கிங்' என்று மாற்றினார்கள். பழைய பதிவுகளைத் திருத்தாமல் விட்ட நூலகத்தில் ஒரு சொல்லைப் போட்டால் பாதிதான் வரும். நான் இப்போது செய்வது இதுதான்: எப்படியாவது பொருத்தமான ஒரு புத்தகத்தைக் கண்டுபிடிப்பேன், அதன் பதிவைத் திறப்பேன், கீழே இருக்கும் பொருள் தலைப்பின் மேல் ஒரு கிளிக். அதே தலைப்பில் இருக்கும் அத்தனையும் வரிசையாக வந்து நிற்கும். ஒரு புளியம்பழம் கிடைத்தால் மரத்தைப் பிடித்து உலுக்குவது மாதிரி.

தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு தலைவலி உண்டு. காங்கிரஸ் நூலக முறையில் பதிவு செய்யும் பல்கலைக்கழகங்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில்தான் கிடக்கும். சிலவற்றில் தமிழ் எழுத்தும் சேர்ந்து இருக்கும், பலவற்றில் இருக்காது. அந்த ரோமன் எழுத்தும் நாம் போனில் தட்டுகிற தமிழ் இல்லை. ச எப்போதும் 'சி' (c), எஸ் கிடையாது. க எப்போதும் 'கே', ஜி கிடையாது. த எப்போதும் வெறும் 'டி' (t), பக்கத்தில் ஹெச் வராது. ழவுக்கு 'இஸட் ஹெச்' கிடையாது, அடியில் கோடு போட்ட 'எல்'. நான் பழமொழித் தொகுப்புகளைத் தேடி, இஸட் ஹெச் போட்டு, பூஜ்யம் என்று பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய நூலகத்தில் ஒரு பழமொழிப் புத்தகம்கூடவா இல்லை என்று திட்டிக்கொண்டிருந்தேன். பி-ஏ-எல்-ஏ-எம்-ஓ-எல்-ஐ என்று போட்டதும் ஒரு பக்கம் நிறைய வந்தது. புள்ளியும் கோடும் போடாவிட்டாலும் பெரும்பாலான கேட்டலாக்குகள் மன்னித்துவிடும், எழுத்து மாறினால்தான் மன்னிக்காது.

அலமாரியில் புத்தகத்தை எடுப்பதிலும் ஒரு தடவை சறுக்கினேன். எங்கள் நூலகம் டியூவி முறை, அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எண், அந்த எண் வரிசையில்தான் புத்தகங்கள் நிற்கும். நர்சிங் 610.73. எனக்கு வேண்டியது 610.736. 74, 75 எல்லாம் தாண்டி எங்கோ தூரத்தில் இருக்கும் என்று அடுத்த அலமாரி வரைக்கும் போய்விட்டேன். இது தசம எண், புள்ளிக்கு அப்புறம் இலக்கம் இலக்கமாகத்தான் படிக்க வேண்டும், அதனால் 610.736 என்பது 610.74க்கு முன்னாடியே முடிந்துவிடும். பள்ளியில் படித்ததுதான், அலமாரி முன்னால் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. சில நாள் கேட்டலாக்கில் 'இருக்கிறது' என்று போட்டிருக்கும், அலமாரியில் இருக்காது. யாராவது படித்துவிட்டு மேசையிலேயே விட்டிருப்பார்கள், அல்லது வேறு இடத்தில் செருகியிருப்பார்கள். இடமும் வலமும் ஒரு ஜாண் தூரம் பாருங்கள், பாதி நேரம் அங்கேயே மாட்டும்.

இப்போது முகப்பில் இருக்கும் அந்த ஒற்றைத் தேடல் பெட்டி. கேட்டலாக், டேட்டாபேஸ், செய்தித்தாள், ஆய்வேடு எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் கலக்கித் தருகிற வசதி. ப்ரைமோ, சம்மன், எப்ஸ்கோ டிஸ்கவரி என்று நூலகத்துக்கு நூலகம் வேறு பெயரில் ஓடும். முதல் நாள் பார்க்கிறவருக்கு அருமையாக இருக்கும், ஏனென்றால் எதைப் போட்டாலும் ஏதாவது வரும். என் கருத்தில் அதுதான் அதன் கோளாறு. லட்சக்கணக்கில் முடிவு வந்து, அதில் புத்தக மதிப்புரையும் ஒரு பத்திச் செய்தியும் ஆய்வுக் கட்டுரையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், புதிதாக வந்தவருக்கு எதை எடுப்பது என்று எப்படித் தெரியும்? தலைப்பு முழுதாகத் தெரிந்த ஒன்றைச் சட்டென்று எடுக்க நல்லது. ஒரு விஷயத்தை ஆராயப் போகிறீர்கள் என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, பாடவாரியான டேட்டாபேஸ் பட்டியலுக்குப் போய்விடுங்கள்.

இந்தச் சேவையில் பொன் என்று சொன்னால் டேட்டாபேஸ்கள்தான், ஆனால் அவற்றோடு பேசக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. என் தலைப்பு இரவு ஷிஃப்ட் பார்க்கும் நர்சுகளின் தூக்கம். முதலில் ஒரு முழு வாக்கியத்தைக் கேள்வி மாதிரி எழுதிப் போட்டேன், குப்பை வந்தது. அப்புறம் கேள்வியை மூன்று துண்டாக உடைத்தேன்: நர்ஸ், இரவு ஷிஃப்ட், தூக்கம். ஒவ்வொரு துண்டுக்கும் மாற்றுச் சொற்களை 'ஆர்' போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள், மூன்று அடைப்புக்குறிகளையும் 'அண்ட்' போட்டுச் சேர்த்து. நர்ஸுக்கு என்-யூ-ஆர்-எஸ் என்று எழுதி ஒரு நட்சத்திரக் குறி போட்டால் நர்ஸ், நர்சஸ், நர்சிங் எல்லாம் ஒரே வீச்சில் வந்துவிடும். 'நைட் ஷிஃப்ட்' போன்ற இரட்டைச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும், இல்லையென்றால் நைட் ஒரு மூலையிலும் ஷிஃப்ட் ஒரு மூலையிலும் இருக்கும் கட்டுரைகள் எல்லாம் வந்து விழும்.

அடைப்புக்குறி சும்மா அழகுக்கு இல்லை. மருத்துவக் கட்டுரைகளுக்கான டேட்டாபேஸான பப்மெட் இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே போகும். நர்ஸ் அண்ட் ஸ்லீப் ஆர் இன்சோம்னியா என்று வெறுமனே எழுதினால், முதல் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, அதோடு உலகத்தில் இன்சோம்னியா பற்றி எழுதிய அத்தனையையும் கொண்டுவந்து கொட்டும், நர்சுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. எனக்கு அப்படித்தான் ஒரு சாயங்காலம் போனது. அங்கே அண்ட், ஆர், நாட் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதுவதும் அவசியம். பக்கத்துப் பக்கத்தில் வரும் சொற்களைத் தேடும் குறி ஒவ்வொரு டேட்டாபேஸ் தளத்திலும் ஒவ்வொரு மாதிரி: எப்ஸ்கோவில் என்5 என்றால் ஐந்து சொல்லுக்குள், அதையே ஸ்கோபஸில் டபிள்யூ/5 என்று எழுத வேண்டும், வெப் ஆஃப் சயன்ஸில் நியர்/5. ஒரே வேலைக்கு மூன்று எழுத்து முறை. உதவிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை.

பப்மெட் 1996லிருந்து இருக்கிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், அதற்கு நூலகக் கணக்கே வேண்டாம். இங்கேயும் கட்டுப்பாடான சொல்தான் ராஜா. மெஷ் என்ற அவர்களுடைய தலைப்புப் பட்டியலில் புற்றுநோய்க்குக் 'கேன்சர்' என்று தலைப்பு இல்லை, 'நியோபிளாசம்ஸ்'. ஹார்ட் அட்டாக் இல்லை, 'மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்'. நாம் போடும் சாதாரணச் சொல்லை அது பின்னால் தானே மாற்றிக்கொள்ளும் என்பது பெரிய நிம்மதி, எப்படி மாற்றியது என்பதைத் தேடல் விவரத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள். நர்சிங்குக்கு என்றே இருக்கும் சினால் டேட்டாபேஸில் பப்மெட்டில் தட்டுப்படாத நாலைந்து கட்டுரைகள் எனக்குக் கிடைத்தன. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

கட்டுரை ஒன்று கையில் கிடைத்தால் அதிலிருந்து இரண்டு பக்கமும் நடக்கலாம். கடைசியில் இருக்கும் மேற்கோள் பட்டியல் பழைய கட்டுரைகளுக்குக் கூட்டிப்போகும், 'மேற்கோள் காட்டியவை' என்ற இணைப்பு அதற்குப் பிறகு வந்தவற்றுக்குக் கூட்டிப்போகும். யூஜின் கார்ஃபீல்டின் சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் 1960களில் தடித்தடி அச்சுப் புத்தகங்களாகச் செய்த வேலை இது, இன்றைக்கு வெப் ஆஃப் சயன்ஸுக்குள் ஒரு கிளிக். என் ஆய்வேட்டின் முக்கியமான கட்டுரைகளில் பாதி சொல் போட்டுத் தேடிக் கிடைத்தவை இல்லை, இப்படி வால் பிடித்துப் போய்க் கிடைத்தவை.

சரி, குறைகள். வீட்டிலிருந்து நுழைவது ஒரு சோதனை. நூலகப் பக்கத்தின் வழியாக லாகின் செய்து போனால்தான் பதிப்பகத்துக்கு நாம் யார் என்று தெரியும், நேராகப் போனால் காசு கேட்கும். நடுவில் டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி லாகின். முகவரிப் பட்டையிலிருந்து காப்பி செய்த லிங்க்கை என் வழிகாட்டிக்கு அனுப்பினேன், அவருக்குத் திறக்கவில்லை, ஏனென்றால் அது அந்த நேரத்து லாகினோடு செத்துப்போகிற லிங்க். நிரந்தர இணைப்பு என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும், அல்லது ஒவ்வொரு கட்டுரைக்கும் என்றே இருக்கும் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணை அனுப்புங்கள். 'முழுக் கட்டுரை' பொத்தானை அழுத்தினால் எங்கள் நூலகத்தில் நாலில் ஒரு தடவையாவது இதழின் முகப்பில் கொண்டுபோய் இறக்கிவிட்டுவிடும், அங்கிருந்து ஆண்டு, தொகுதி, இதழ் எண் என்று நாமே படியேற வேண்டும். சில இதழ்களில் கடைசி ஒரு வருடம் கிடைக்காது. இதழ்களின் பழைய பிரதிகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஜேஸ்டோரில் பல இதழ்களுக்குக் கடைசி 3 முதல் 5 ஆண்டுகள் இருக்காது, நகரும் சுவர் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அது கோளாறு இல்லை, ஒப்பந்தம், ஆனால் தெரியாவிட்டால் கட்டுரையே இல்லை என்று நினைத்துவிடுவோம்.

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தருகிற கூகுள் ஸ்காலர் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: நானும் தினம் ஸ்காலரைத் திறக்கிறேன். அதன் செட்டிங்ஸில் நூலக இணைப்புகள் என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால் முடிவுகளின் பக்கத்திலேயே நூலகத்தின் லிங்க் வரும், கட்டாயம் செய்யுங்கள். ஆனால் எப்படித் தேடினாய் என்று தேர்வுக்குழு கேட்டால் காட்டுவதற்கு, வடிகட்டிப் பிரித்து எண்ணிக்கை சொல்வதற்கு, டேட்டாபேஸ்தான்.

நூலகர்களுக்கு முழு மதிப்பெண். எங்களிடம் இல்லாத ஒரு கட்டுரையை வேறு நூலகத்திலிருந்து வாங்கித் தரச் சொல்லிப் படிவம் நிரப்பினேன், மூன்றாம் நாள் அஞ்சலில் வந்து உட்கார்ந்திருந்தது. சாட்டில் கேட்ட அரைகுறைக் கேள்விக்குக்கூடத் தேடல் வரியையே எழுதி அனுப்பினார்கள். ஐந்துக்கு மதிப்பெண் போட்டால் டேட்டாபேஸுக்கு நாலரை, கேட்டலாக்குக்கு மூன்று, அந்த ஒற்றைப் பெட்டிக்கு இரண்டு, வெளியிலிருந்து நுழையும் வழிக்கு ஒன்றரை.

படிப்பு முடிந்ததும் கணக்கை மூடிவிடுவார்கள் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. பப்மெட்டில் சேமித்து வைத்த தேடல் மட்டும் என் சொந்தக் கணக்கில் இருப்பதால் வாரா வாரம் புதுக் கட்டுரைகளின் பட்டியலை அனுப்பிக்கொண்டே இருக்கும், அவற்றைத் திறக்கத்தான் என்னிடம் சாவி இருக்காது. அதனால் இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து வேண்டிய பிடிஎஃப்களை இறக்கி, கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஸோட்டேரோ மென்பொருளில் போட்டுக்கொண்டிருக்கிறேன், பாதிதான் முடிந்திருக்கிறது, அதற்குள் மறுபடி லாகின் கேட்கிறது.