ஃபீனிக்ஸ் கோடையில் குழந்தைகளுடன்: நீச்சல்குளமா, ஃபிளாக்ஸ்டாஃபா, அறிவியல் மையமா?

அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரை ஒட்டியுள்ள சாண்ட்லருக்கு நாங்கள் குடிவந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வேலூரில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் வெயில் எனக்குப் புதிதில்லை என்ற நினைப்பு முதல் கோடையிலேயே கலைந்துவிட்டது. வேலூரில் கத்திரி வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்துவிட்டால் உடம்பு ஆறிவிடும். இங்கே இரவு பத்து மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது. 2023ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாள்கள் தொடர்ந்து 110 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 43 டிகிரி செல்சியஸை, வெயில் எட்டியது அல்லது தாண்டியது. அடுத்த ஆண்டு, 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாத பகல்கள் தொடர்ச்சியாக 113 வந்தன. பள்ளி விடுமுறையோ மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூலை மூன்றாவது வாரம்வரை, மிகக் கொடிய இந்த நாள்களில்தான் வருகிறது.

ஒன்பது வயது மகளையும் ஐந்து வயது மகனையும் எட்டு வாரம் நான்கு சுவர்களுக்குள் அடைத்து வைக்க முடியாது என்பதால், சென்ற கோடையில் மூன்று வழிகளை மாறி மாறி முயன்று பார்த்தோம்: வீட்டருகே உள்ள நகராட்சி நீச்சல்குளம், வார இறுதியில் ஃபிளாக்ஸ்டாஃப் மலைப்பயணம், ஃபீனிக்ஸ் நகர மையத்தில் இருக்கும் அரிசோனா அறிவியல் மையத்தின் ஆண்டு உறுப்பினர் அட்டை. பேரங்காடிகள், திரையரங்குகள், பனிச்சறுக்குத் தளங்கள் எல்லாம் எந்த ஊரிலும் இருப்பவை. அவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மலையேற்றத்தைக் கோடையில் நினைக்கவே வேண்டாம். கடும் வெப்ப எச்சரிக்கை வந்த நாள்களில் கேமல்பேக் மலைப்பாதையை நகராட்சியே பகலில் மூடிவிடுகிறது.

நீச்சல்குளத்தின் நன்மைகளை விளக்க வேண்டியதில்லை. கட்டணம் மிகக் குறைவு, வீட்டிலிருந்து பத்தே நிமிடம், தண்ணீரில் இறங்கிய குழந்தை வேறெதுவும் கேட்பதில்லை. இந்த ஊரில் பல வீடுகளில் குளம் இருப்பதால், நீச்சல் தெரிந்திருப்பது உயிர்காக்கும் விஷயமும்கூட. காலைநேர நீச்சல் வகுப்பை எந்தப் பெற்றோரும் தவிர்க்கக் கூடாது என்பேன். ஆனால் வகுப்பு வேறு, மதியப் பொழுதைப் போக்குவதற்காகக் குளத்துக்குப் போவது வேறு. ஜூலையில் தண்ணீரே வெதுவெதுப்பாகிவிடும், குளத்தைச் சுற்றியுள்ள சிமென்ட் தரையில் வெறுங்காலோடு நான்கு அடி வைத்தால் உள்ளங்கால் பொசுங்கும். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் விழுந்தோ நடந்தோ தோல் வெந்தவர்கள் ஒவ்வொரு கோடையிலும் இந்நகரின் தீக்காயப் பிரிவுகளில் சேர்க்கப்படுகிறார்கள் என்பதை இங்கே வாழ்பவர்கள் அறிவார்கள். ஜூலை தொடங்கியதும் மாலையில் பருவமழை மேகம் திரண்டு தொலைவில் மின்னல் வெட்டினாலும் எல்லோரையும் கரையேறச் சொல்லிவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை என்றாலும், பாதி நனைந்த குழந்தைகளைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்து வருவது எளிதான காரியமில்லை.

ஃபிளாக்ஸ்டாஃபைப் பற்றி எழுதும்போது எனக்கே மனம் இளகுகிறது. ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே ஏறத்தாழ 230 கிலோமீட்டர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பாண்டரோசா பைன் மரங்களுக்கு நடுவே இருக்கும் ஊர். ஃபீனிக்ஸ் 43 டிகிரியில் தகிக்கும் நாளில் அங்கே 28 டிகிரிதான் இருக்கும். காரின் கண்ணாடியை இறக்கியதும் பைன் மணத்தோடு காற்று முகத்தில் மோதியபோது, என் மகன் கையை வெளியே நீட்டி, "அம்மா, வெளியிலயும் ஏசி போட்டிருக்காங்க" என்றான். பிறந்ததிலிருந்து கோடை என்றால் மூடிய சன்னல் என்று மட்டுமே அறிந்த பிள்ளைக்கு அப்படித்தான் தோன்றும். 1894இல் நிறுவப்பட்ட லோவல் வானாய்வகமும் அங்கேதான் இருக்கிறது; 1930இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்ட இடம் என்பதால் மகள் அந்தக் குன்றை விட்டு இறங்கவே மனமில்லாமல் நின்றாள்.

இருந்தும் ஃபிளாக்ஸ்டாஃபை எட்டு வாரங்களுக்கான விடையாகக் கொள்ள முடியாது. போக இரண்டேகால் மணி நேரம், வர அதே நேரம், அதுவும் நெடுஞ்சாலை 17 ஒழுங்காக ஓடினால்தான். பிளாக் கேன்யன் சிட்டியைத் தாண்டியதும் தொடங்கும் நீண்ட ஏற்றத்தில் கோடை வெயிலில் இயந்திரம் சூடேறி ஓரங்கட்டிய கார்களை ஒவ்வொரு முறையும் பார்க்கிறோம். வெள்ளி மாலையில் மேலே போகும் நெரிசலும் ஞாயிறு மாலையில் கீழே இறங்கும் நெரிசலும் இந்நகரத்தார் எல்லோருக்கும் பழக்கமானவை. அந்த வேளையில் ஒரு விபத்து நடந்து சாலையை மூடிவிட்டால், குழந்தைகளோடு பாலைவனத்தின் நடுவில் நிற்க வேண்டியதுதான். குடிதண்ணீரைத் தேவைக்கு இரு மடங்கு எடுத்துக்கொள்ளாமல் நான் கிளம்புவதில்லை. கோடைக்கு இரண்டு முறை, ஓர் இரவு தங்குவதுபோலத் திட்டமிட்டுப் போவதற்கு இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஜூன் மாதத்தில் ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, இரண்டு மணி நேரம் நீந்திவிட்டுக் குளத்திலிருந்து காருக்குத் திரும்பினோம். திறந்த வெளியில், ஒரு மரநிழல்கூட இல்லாத இடத்தில் கார் நின்றிருந்தது. மகனை இருக்கையில் உட்கார வைத்து சீட்பெல்ட் வார்ப்பூட்டை மாட்டியபோது அவன் வீறிட்டு, "அம்மா, பூச்சி கடிச்சிருச்சு" என்றான். பூச்சி ஏதுமில்லை, பூட்டின் உலோகப் பகுதி தொடையில் பட்டிருந்தது. கட்டைவிரல் அகலத்துக்குச் சிவந்த தடம் இரண்டு நாள் இருந்தது. ஈரக்கால்சட்டையை இழுத்துவிட்டு மாட்டியிருந்தால் அது நேர்ந்திருக்காது; அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கள் பக்கத்து ஊரான டெம்பியில், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோடை நாள்களில் கார்களை வெயிலிலும் நிழலிலும் நிறுத்திவைத்து அளந்து, முடிவுகளை 2018இல் வெளியிட்டிருக்கிறார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் உட்புறம் சராசரியாக 47 டிகிரி செல்சியஸ், முன்பலகை 69, திசைமாற்றிச் சக்கரம் 53, இருக்கை 51. நிழலில் நின்ற காரில் உட்புறம் 38, முன்பலகை 48, சக்கரம் 42, இருக்கை 41. இருக்கையில் மட்டும் 10 டிகிரி வேறுபாடு. அது குழந்தை உட்காரும் இடம்.

இந்த எண்களைப் பார்த்த பிறகு, நான் அதுவரை தவறான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. போகும் இடம் எவ்வளவு தூரம், உள்ளே எவ்வளவு குளிர்ச்சி என்பதையே பார்த்தேன். ஓடும் கார் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. சேர்ந்த இடமும் குளிர்ச்சிதான். இடையில் நிறுத்தி வைக்கப்படும் கார்தான் குழந்தைகளை வாட்டுகிறது. திரும்பி வரும் நேரத்தில் அவர்கள் களைத்திருப்பார்கள், தாகமாக இருப்பார்கள், சின்னவன் தோளில் தூங்கியிருப்பான். அந்த நிலையில் கதவுகளைத் திறந்துவைத்து, ஏசி ஓடி உள்ளே ஆறும்வரை கொதிக்கும் தரையில் ஐந்து நிமிடம் அவர்களை நிற்க வைக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை இதைச் செய்தால், நான்காவது வாரத்தில் 'வெளியே போகலாம்' என்ற சொல்லுக்கே குழந்தைகள் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. ஆகவே இந்த ஊரில் கோடைக்கான இடத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், கார் எந்த நிழலில் நிற்கும் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரிசோனா அறிவியல் மையம் எங்கள் வீட்டிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். குளத்தைவிடப் பல மடங்கு தூரம். ஆனால் பக்கத்திலேயே பல மாடி வாகன நிறுத்தம் உண்டு. கூரையுள்ள கீழ்த்தளங்களில் இடம் பிடிக்கக் காலை பத்தரைக்குள் போய்விடுவோம். பிந்திப் போனால் மொட்டைத்தளம்தான் கிடைக்கும், அதற்குக் குளத்தின் திறந்தவெளியே மேல். நிறுத்தக் கட்டணம் தனி. அதைச் செலவாகவே நான் இப்போது கருதுவதில்லை.

உறுப்பினர் அட்டைக்கு நாங்கள் கொடுத்த தொகை, ஒவ்வொரு முறையும் நுழைவுச்சீட்டு வாங்கிப் போயிருந்தால் மூன்று தடவைக்குள் செலவாகியிருக்கும். பணத்தைவிடப் பெரிய ஆதாயம், 'கொடுத்த காசுக்கு முழுவதையும் பார்த்துவிட வேண்டும்' என்ற பதற்றம் போய்விடுவது. இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடலாம். அங்கே உயரத்தில் கட்டிய கம்பியின்மேல் ஓட்டும் மிதிவண்டி ஒன்று இருக்கிறது. அடியில் தொங்கும் எடை அதைச் சாயவிடாமல் தாங்கும். முதல் மூன்று முறையும் மகள் கீழே நின்று பார்த்துவிட்டு, வேண்டாம் என்று திரும்பிவிட்டாள். மூன்றாவது முறை மட்டும், அந்த எடை எங்கே தொங்குகிறது என்று குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நான்காவது முறை தானாகப் போய் ஏறினாள். ஒரே ஒரு நாள் சீட்டு வாங்கிப் போயிருந்தால் நான் அவளை அவசரப்படுத்தியிருப்பேன், அவள் அழுதிருப்பாள்.

குறைகளும் உண்டு. கோளரங்கக் காட்சிக்கு உறுப்பினர்களும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். வார நாள் காலையில் கோடை முகாம் பிள்ளைகள் கூட்டமாக வருவதால் சில காட்சிக்கூடங்களில் இரைச்சல் தாங்காது. ஐந்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள் மட்டும் உள்ள வீட்டாருக்கு, அதே நகர மையத்தில் 1913இல் கட்டிய பழைய பள்ளிக் கட்டடத்தில் இயங்கும் குழந்தைகள் அருங்காட்சியகம் கூடுதலாகப் பொருந்தும். நகரின் வடபகுதியிலுள்ள இசைக்கருவி அருங்காட்சியகமும் சிறப்பானது. காதில் மாட்டிக்கொள்ளும் கருவி, நாம் எந்த நாட்டின் காட்சிக்கு முன் நிற்கிறோமோ அந்த நாட்டின் இசையைத் தானாகவே ஒலிக்கும். பிள்ளைகள் தட்டியும் மீட்டியும் பார்க்கத் தனிக்கூடமும் இருக்கிறது. ஆனால் நாங்கள் இரண்டே முறை, அதுவும் குளிர்காலத்தில் போனோம். கோடையில் வாராவாரம் போனால் சின்னவன் சலிப்பானா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பணம் செலவழிக்கத் தயங்குபவர்கள் தங்கள் பகுதி நூலகத்தில் 'கல்ச்சர் பாஸ்' இருக்கிறதா என்று கேட்கலாம். நூலக அட்டை இருந்தால், பங்கேற்கும் அருங்காட்சியகங்களுக்கு இலவச அனுமதி தரும் சீட்டை எடுத்துவரலாம். கோடையில் அது கையில் கிடைக்கத்தான் பொறுமை வேண்டும்.

இந்த ஆண்டு எங்கள் ஏற்பாடு இதுதான்: செவ்வாயும் வெள்ளியும் காலையில் அறிவியல் மையம், மாலை ஆறரைக்கு மேல், மேகமில்லாத நாள்களில் மட்டும் குளம், ஜூன் தொடக்கத்திலும் ஜூலை நடுவிலும் ஃபிளாக்ஸ்டாஃப். எங்கே போனாலும் முன்கண்ணாடிக்கு வெயில் மறைப்பும், குழந்தை இருக்கையின்மேல் விரித்துவிட்டு இறங்க வெள்ளைத் துண்டு ஒன்றும், வார்ப்பூட்டின்மேல் பிழிந்துவிடத் தண்ணீர்ப் புட்டி ஒன்றும் காரில் இருக்கும். உறுப்பினர் அட்டையைச் சென்ற ஆண்டு ஜூன் முதல் வாரத்தில் வாங்கியதால், இவ்வாண்டு விடுமுறையின் முதல் சில நாள்களும் பழைய அட்டைக்குள்ளேயே அடங்கிவிட்டன. புதிதாக வாங்க நினைப்பவர்கள் பள்ளி மூடிய உடனே ஓடாமல் ஒரு வாரம் பொறுத்து வாங்கலாம்.