தண்டர்போல்ட் பெட்டியா, ஆக்குலிங்க் கேபிளா? கேமிங் லேப்டாப்புக்கு வெளி கிராபிக்ஸ் கார்டு போட்ட கதை

கேமிங் லேப்டாப்பில் ஆட்டங்கள் திணறுகின்றன என்றதும், அதை விற்றுவிட்டு டெஸ்க்டாப் வாங்கு என்றுதான் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். தப்பான யோசனை இல்லை. ஆனால் என்னுடையது 2022-இல் வாங்கிய 12ஆம் தலைமுறை ஐ7 எச் வகை லேப்டாப். பிராசஸர் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. மூச்சு வாங்குவது உள்ளே இருக்கும் 4 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 டிஐ கிராபிக்ஸ் கார்டு மட்டும்தான். செகண்ட் ஹேண்டில் இதற்கு என்ன தருவார்கள் என்று விசாரித்தேன், சொன்ன தொகையைக் கேட்டு பேசாமல் வீடு திரும்பிவிட்டேன். அப்புறம்தான் வெளியே ஒரு கார்டு மாட்டும் எண்ணம் வந்தது. 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்று, பழையது, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைத்தது. நாளைக்கே டெஸ்க்டாப் கட்டினாலும் இந்தக் கார்டும், அதற்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் அப்படியே அங்கே போய்விடும், அதனால் எந்த வழியில் மாட்டினாலும் பணத்தில் பெரும்பகுதி வீண் இல்லை.

எந்த வழியில் மாட்டுவது என்பதுதான் கேள்வி. ஒன்று, தண்டர்போல்ட் பெட்டி: கார்டை உள்ளே வைத்து, யுஎஸ்பி-சி வடிவிலுள்ள தண்டர்போல்ட் போர்ட்டில் கேபிளால் செருகுவது. இன்னொன்று, லேப்டாப்பின் அடி மூடியைத் திறந்து, எஸ்எஸ்டி உட்காரும் எம்.2 ஸ்லாட்டில் ஒரு சின்ன அடாப்டரைச் செருகி, அங்கிருந்து ஆக்குலிங்க் கேபிளை வெளியே இழுத்து கார்டுக்குக் கொடுப்பது. முதல் வழியை நண்பரின் பெட்டியை இரவல் வாங்கி இரண்டு மாதம் பார்த்தேன். இரண்டாவது வழியில் இப்போது ஒரு வருடத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஆக்குலிங்க் கட்சி, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக. தண்டர்போல்ட் 3, 4 இரண்டும் 40 ஜிபிபிஎஸ் (நொடிக்கு இத்தனை கிகாபிட்) என்றாலும் கார்டுக்கான பிசிஐஇ (பிராசஸருக்கும் கார்டுக்கும் நடுவே தரவு ஓடும் பாதை) பங்கு அதிகபட்சம் 32, பழைய தண்டர்போல்ட் 3 பெட்டிகளில் நடைமுறையில் 22 பக்கம்தான். ஆக்குலிங்க் என்பது நான்கு பிசிஐஇ லேன்களை (தடங்களை) அப்படியே கேபிளில் நீட்டுவது: ஜென் 3, அதாவது மூன்றாம் தலைமுறை என்றால் 32, ஜென் 4 என்றால் 64. பெரும்பாலானவர்கள் இந்த 64-ஐப் பார்த்துத்தான் ஆக்குலிங்க் பக்கம் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் இன்று என் கார்டு ஓடுவது ஜென் 3-இல், அதாவது காகிதத்தில் தண்டர்போல்ட் 4-க்குச் சமம். அப்படி இருந்தும் திரும்பிப் போக மனமில்லை. காரணம், பட்டனை அழுத்தினால் கார்டு வருகிறது. தினமும் வருகிறது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சாதாரண அல்ட்ராபுக்கில் (மெல்லிய லேப்டாப்பில்) வெளி கார்டு மாட்டியவர்களின் அனுபவம் கேமிங் லேப்டாப்புக்குப் பொருந்தாது. அவர்கள் லேப்டாப்பில் இன்னொரு என்விடியா கார்டு உள்ளே உட்கார்ந்திருக்காது. ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டுக்கும் சிஸ்டம் நினைவக முகவரியில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும், அதில் ஒரு பகுதி 4 ஜிபி எல்லைக்குக் கீழேயே வேண்டும். அந்த இடமோ குறைச்சல், உள் கார்டு ஏற்கெனவே அதில் ஒரு பங்கு எடுத்திருக்கும். தண்டர்போல்ட் கார்டு பெரும்பாலும் விண்டோஸ் எழுந்த பிறகுதான் வந்து சேர்கிறது. அந்த போர்ட்டுக்கென்று பயாஸ் (லேப்டாப்பை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடத்துக்குள் அது அடங்கியாக வேண்டும். பந்தியில் இலை போட்டு எல்லோரும் உட்கார்ந்தபின் குடும்பத்தோடு வந்து வாசலில் நிற்கும் விருந்தாளி மாதிரி. இடம் இருந்தால் சரி. இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம், கோட் 12, போதுமான ரிசோர்ஸ் இல்லை என்று.

இதற்கு வைத்தியம் உண்டு. டிவைஸ் மேனேஜரில் உள் கார்டை டிஸேபிள் செய்து, ரீஸ்டார்ட் போட்டு, அப்புறம் பெட்டியைச் செருகினால் வந்துவிடும். எனக்கும் வந்தது. ஆனால் டிரைவர் அப்டேட் ஆனாலோ, பெரிய விண்டோஸ் அப்டேட் வந்தாலோ உள் கார்டு மறுபடி உயிர்பெற்றுவிடும், மறுபடி அதே சடங்கு. பயாஸில் தண்டர்போல்ட் சாதனங்களை பூட் சமயத்திலேயே பார்க்கச் சொல்லும் அமைப்பு சில லேப்டாப்களில் இருக்கிறது, இருந்தால் முதலில் அதைப் போடுங்கள். என்னுடையதில் இல்லை. இன்னும் ஆழமாகப் போய் ஏசிபிஐ அட்டவணையையே (வன்பொருள் விவரத்தை பயாஸ் விண்டோஸுக்குச் சொல்லும் பட்டியல்) திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை. இரண்டு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு நாளாவது கார்டைத் தேடும் வேலை இருந்தது. ராத்திரி ஒரு மணி நேரம் ஆடலாம் என்று உட்கார்ந்து, அதில் இருபது நிமிடம் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவது என்றால் என்ன விளையாட்டு அது?

ஆக்குலிங்கில் விருந்தாளி முதல் பந்திக்கே வந்துவிடுகிறார். பயாஸைப் பொறுத்தவரை அது எம்.2 ஸ்லாட்டில் இருக்கும் இன்னொரு பிசிஐஇ சாதனம், அவ்வளவுதான். லேப்டாப் எழும்போதே எண்ணிக்கையில் சேர்ந்து இடம் வாங்கிக்கொள்கிறது. அனுமதி கேட்கும் மென்பொருள் கிடையாது, நடுவில் கன்ட்ரோலர் கிடையாது, அதற்கொரு ஃபர்ம்வேர் கிடையாது. என் லேப்டாப்பில் உள் கார்டை அணைக்காமலேயே இரண்டும் சேர்ந்து வந்தன.

ஆனால் முதல் நாளிலிருந்தே சுகமாக இருந்தது என்று சொன்னால் பொய். என் லேப்டாப்பில் இரண்டு எம்.2 ஸ்லாட், ஒன்று பிராசஸரோடு நேராக இணைந்த ஜென் 4, மற்றது சிப்செட் (பிராசஸரின் துணை சிப்) வழியாக வரும் ஜென் 3. பேராசையில் எஸ்எஸ்டியை ஜென் 3-க்கு மாற்றிவிட்டு, ஜென் 4-ஐக் கார்டுக்குக் கொடுத்தேன், அதுவும் ஒரு மீட்டர் கேபிளோடு. முதல் சில நாள் பிரமாதம். அப்புறம் ஆட்டத்தின் நடுவில் சின்னச் சின்ன திணறல், ஒரு நாள் திரை கறுத்து மொத்தமாக நின்றுவிட்டது. டிரைவரை டிடியு என்ற நீக்கும் கருவி வைத்துத் துடைத்துப் போட்டேன், விண்டோஸையே மறுபடி போட்டேன், கார்டு விற்ற கடைக்காரரை மனசுக்குள் திட்டவும் செய்தேன். கடைசியில் விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்தால் டபிள்யூஹெச்இஏ லாகர் (வன்பொருள் பிழைகளைக் குறித்து வைப்பது), ஈவென்ட் 17, வரிசையாக. பிசிஐஇ ரூட் போர்ட்டில் பிழை வந்தது, திருத்திக்கொண்டேன் என்று அர்த்தம். ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை, நிமிடத்துக்குப் பல வந்தால் சிக்னல் தேய்கிறது என்று பொருள். ஜென் 4 வேகத்தில் சிக்னல் அடாப்டர், கேபிள், டாக் (கார்டை மாட்டும் பலகை) என்று இத்தனை இணைப்புகளைத் தாண்டிப் போவது லேசான காரியமில்லை, நீளம் கூடக் கூட இன்னும் மோசம்.

பயாஸில் அந்த ஸ்லாட்டை ஜென் 3-க்கு இறக்கும் வசதி இருந்தால் அங்கேயே வேலை முடிந்திருக்கும். கேமிங் லேப்டாப் பயாஸ்களில் இது அபூர்வம், எனக்கும் இல்லை. அரை மீட்டர் கேபிளுக்கு மாறினேன், பிழைகள் வெகுவாகக் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. அப்புறம் எஸ்எஸ்டியை அதன் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டு கார்டை ஜென் 3 ஸ்லாட்டுக்கு மாற்றினேன். அன்றோடு ஈவென்ட் 17 நின்றது. 1440பி-யில் நான் ஆடும் ஆட்டங்களில் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் படங்கள்) எண் கொஞ்சம் இறங்கியது, கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை. இங்கேதான் 12 ஜிபி கார்டு எடுத்தது உதவுகிறது. டெக்ஸ்சர்கள் (ஆட்டத்தில் பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) கார்டின் சொந்த நினைவகத்துக்குள் அடங்கிவிட்டால் கேபிள் வழியாகப் போய்வர வேண்டியது குறைவு, வழிந்தால்தான் குறுகிய பாதையின் வலி தெரியும். இதே காரணத்தால், 8 ஜிபி மட்டும் உள்ள கார்டுகளைவிட நினைவகம் அதிகமுள்ள பழைய கார்டு வெளியில் மாட்டுவதற்கு உசிதம் என்பது என் எண்ணம். இன்டெல் ஆர்க் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாமல் அவை சரியாக ஓடாது, உங்கள் லேப்டாப் பயாஸ் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எந்த வேகத்தில் ஓடுகிறது என்பதை ஜிபியு-இசட் என்ற மென்பொருள் சொல்லும், ஆனால் சும்மா இருக்கும்போது கார்டு தானாக ஜென் 1-க்கு இறங்கியிருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அதிலேயே இருக்கும் ரெண்டர் டெஸ்ட்டை ஓட்டிவிட்டுப் பாருங்கள்.

இப்போதைய என் வழக்கம் இது. முதலில் கார்டின் எஸ்எம்பிஎஸ், பிறகு லேப்டாப். வரிசை மாறினால் கார்டு எண்ணிக்கையில் விடுபடும். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் (அரைகுறையாக மூடி வேகமாக எழுவது) கிடையாது, பவர் ஆப்ஷனில் பிசிஐ எக்ஸ்பிரஸ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் (மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பாதையைத் தூங்க வைப்பது) ஆஃப், ஸ்லீப் அறவே கிடையாது, ஷட்டவுன் மட்டும்தான். மக்ஸ் ஸ்விட்ச் (லேப்டாப் திரையை எந்தக் கிராபிக்ஸ் ஓட்ட வேண்டும் என்று மாற்றும் வசதி) உள்ள லேப்டாப் என்றால் ஹைப்ரிட்டிலேயே விடுங்கள். மானிட்டர் கேபிள் கார்டிலேயே நேராகச் செருக வேண்டும், லேப்டாப் திரையிலேயே பார்ப்பேன் என்றால் வரைந்த படம் அதே குறுகிய பாதையில் திரும்பி வர வேண்டும், அதற்கு இவ்வளவு பாடு பட்டிருக்கவே வேண்டாம். ஆட்டம் எந்தக் கார்டில் ஓட வேண்டும் என்பதை விண்டோஸ் 11-இன் கிராபிக்ஸ் அமைப்பில் பெயர் சொல்லியே குறிக்கலாம், சில ஆட்டங்கள் அதையும் மதிக்காமல் உள் கார்டைப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொல்லைக்காகவும் சூட்டுக்காகவும் நான் உள் கார்டை அணைத்தே வைத்திருக்கிறேன். உள்ளே ஒரே ஹீட் பைப்பைப் பிராசஸரும் கார்டும் பங்கு போடும் லேப்டாப்பில் கார்டு ஓய்வெடுத்தால் பிராசஸருக்கு முழு மூச்சு கிடைக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

தண்டர்போல்ட் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மூடியைத் திறக்க வேண்டாம், எஸ்எஸ்டி ஸ்லாட்டை இழக்க வேண்டாம், வாரண்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். காலையில் பிடுங்கிக்கொண்டு ஆபீஸ் போகலாம். ஆக்குலிங்கை ஓடும்போது பிடுங்கினால் சிஸ்டம் உறைந்துவிடும், தினமும் செருகிப் பிடுங்க ஏற்ற கனெக்டரும் இல்லை. தினசரி பையில் போட்டுத் தூக்கிச் செல்லும் லேப்டாப் என்றால் தண்டர்போல்ட்தான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஒரே கேபிளில் சார்ஜும் ஆகும் என்பதை மட்டும் பெரிதாக எடுக்க வேண்டாம். ரேசர் கோர் எக்ஸ் மாதிரிப் பெட்டிகள் 100 வாட் தருகின்றன, 200 வாட்டுக்கு மேல் கேட்கும் கேமிங் லேப்டாப்புக்கு அது பத்தாது, எப்படியும் அந்தச் செங்கல் அடாப்டரைத் தூக்கத்தான் வேண்டும். விலையும் ஒரு விஷயம்: நல்ல பெட்டி ஒன்று கிட்டத்தட்ட பழைய கார்டு விலைக்கு வந்து நிற்கும், ஆக்குலிங்க் டாக்கும் அடாப்டரும் அதில் ஒரு பங்குதான்.

தண்டர்போல்ட் 5 பெட்டி ஒன்றை ஒரே ஒரு சாயங்காலம்தான் தொட்டுப் பார்த்தேன். கார்டுக்கு 64 ஜிபிபிஎஸ் போகிறது, அன்று ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் கோட் 12 தலைவலி வாரக்கணக்கில் ஓட்டினால்தான் முகம் காட்டும், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். கம்பெனிகளின் சொந்த கனெக்டர் உள்ளவற்றை (2014-இன் ஏலியன்வேர் ஆம்ப்ளிஃபையர், 2021-இன் ஏசஸ் எக்ஸ்ஜி மொபைல்) நான் யோசிக்கவே இல்லை. லேப்டாப் மாறினால் அந்தப் பெட்டியை யாருக்கு விற்பது? ஏசஸே 2025-இல் தண்டர்போல்ட் 5-க்கு வந்துவிட்டது.

கரண்ட் கட் விஷயத்திலும் ஆக்குலிங்க் தோற்கிறது. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, கார்டுக்கு இல்லை. தண்டர்போல்ட்டில் கரண்ட் போனால் யாரோ பெட்டியைப் பிடுங்கியதாக விண்டோஸ் நினைத்துக்கொள்ளும், ஆட்டம் போகும், விண்டோஸ் பல நேரம் பிழைக்கும். ஆக்குலிங்கில் எல்லாம் ஒரேயடியாக உறையும், பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதுதான் ஒரே வழி. ஒரு கோடை முழுக்க இப்படி அவதிப்பட்டபின் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் மானிட்டருக்கும் சேர்த்து 600 விஏ யுபிஎஸ் ஒன்று வைத்தேன். 3060 முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும், அதனால் சில நிமிடம்தான் தாங்கும், சேவ் செய்து மூட அது போதும்.

இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது பிசிஐஇ வழியாக ஓடும் என்விஎம்இ வகைதானா, நான்கு லேன்தானா (சிலவற்றில் பழைய சாட்டா இணைப்பு மட்டும், சிலவற்றில் இரண்டு லேன்) என்று மாடலின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டு வாங்குங்கள். வைஃபை கார்டு ஸ்லாட்டில் மாட்டலாம் என்பவர்களை நம்ப வேண்டாம், அதில் வருவது ஒரே லேன். கேபிள் வெளியே வர அடி மூடியில் வழி வேண்டும், நான் ஒரு மூலையை அரத்தால் தேய்த்து எடுத்தேன். வாரண்டி முடிந்திருந்ததால் கை நடுங்கவில்லை. எப்போதாவது வெளியூர் போகும்போது கேபிளைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுகிறேன், பார்க்க அசிங்கம்தான், தூசி போகாமல் இருந்தால் சரி.