இரண்டு ஆண்டு திரையில், எட்டு மாதம் வார்டில்: கணினி சிமுலேஷன் பயிற்சி அனுபவம்

பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டிலிருந்து படிப்பு முடியும் வரை, வாரத்தில் ஒரு மதியம் எங்களுக்குக் கம்ப்யூட்டர் லேபில்தான் போஸ்டிங். திரையில் ஒரு நோயாளி படுத்திருப்பார், பக்கத்தில் மானிட்டர் ஓடும். கை கழுவுவது, பெயர் கேட்பது, பிபி பார்ப்பது, மருந்து கொடுப்பது எல்லாம் மவுஸில்தான். நிஜம்போலச் செய்து பழகும் இந்தப் பயிற்சிதான் சிமுலேஷன். எதை எந்த நொடியில் செய்தோம் என்று முடிவில் ஒரு பதிவும் மதிப்பெண்ணும் வரும். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எது கைகொடுத்தது என்று இப்போதுதான் தெளிவாகச் சொல்ல முடிகிறது.

முதலில் ரத்தம் ஏற்றும் கேஸ். ஏறத் தொடங்கிய சில நிமிடத்தில் திரையில் இருந்த பெண்மணி குளிருகிறது, இடுப்பு வலிக்கிறது என்றார். டெம்பரேச்சர் பார்த்தேன், பல்ஸ் பார்த்தேன், டாக்டரைக் கூப்பிட்டேன். ரத்தம் மட்டும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே இருந்தது. நடுக்கம் தொடங்கி 3 நிமிடம் 40 நொடி கழித்துத்தான் நிறுத்தியிருக்கிறேன் என்று பதிவு காட்டியது. பயிற்சி நடத்திய மேடம் திட்டவில்லை. "அந்த நேரம் மனசுல என்னம்மா ஓடுச்சு?" என்று கேட்டார். டாக்டர் சொல்லாமல் நிறுத்தலாமா என்று பயந்தேன் என்றேன். "நிறுத்துறதுக்கு யார்கிட்டயும் கேட்க வேண்டாம். அது உன் வேலை" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், நைட் டியூட்டி. ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் கட்டிலை விட்டு நகரக் கூடாது என்பதால் அருகிலேயே நின்றிருந்தேன். ரத்தம் ஏறிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் குளிரில் பல் கிட்டியது. என் கை நேராகக் குழாயை அடைக்கும் கிளாம்புக்குப் போனது. குழாய் செட்டை மாற்றி நார்மல் சலைன் போட்டேன், ரத்தப் பையில் இருந்த எண்ணைக் கேஸ் ஷீட்டோடு ஒத்துப் பார்த்தேன், பிறகுதான் டாக்டருக்குப் போன். என்ன நடந்தது, எதற்கு அட்மிஷன், இப்போது பிபி எவ்வளவு, நீங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று குரல் நடுங்காமல் வரிசையாகச் சொன்னேன். அந்த வரிசை லேபில் பழகியது. அந்த அம்மா நல்லபடியாக வீட்டுக்குப் போனார்.

ஆனால் ஊசி ஏற்ற வெயினை (ரத்தக் குழாயை) கண்டுபிடிப்பதை எந்தத் திரையும் சொல்லித் தராது. திரையில் கேனுலா, அதாவது அதில் செருகும் மெல்லிய குழாய், ஒரே கிளிக்கில் ஏறிவிடும். வார்டில் நீரிழிவுள்ள ஒரு தாத்தாவின் கையைத் தட்டித் தடவி, இரண்டு முறை தவறி, சீனியர் அக்கா என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டிய பிறகுதான் அந்த மெத்தென்ற துள்ளல் பிடிபட்டது. இதயம் நின்றவரின் மார்பை 5 முதல் 6 செ.மீ. அமுக்குவதற்கும் பொம்மையில் கை வலிக்கப் பழகியே ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல், எங்கள் லேபில் மூன்று பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். மவுஸ் பிடித்தவள் கற்றுக்கொண்டாள், மற்ற இருவரும் வேடிக்கை பார்த்தோம். நூறு மதிப்பெண் வரும் வரை அதே கேஸை ஓட்டிக் கிளிக் வரிசையை மனப்பாடம் செய்தவர்களும் உண்டு. அந்தத் தைரியத்தைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். நோயாளி வரிசைப்படி மோசமாவதில்லை.

அமெரிக்காவில் மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வார்டு நேரத்தில் பாதி வரை சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் திறன் குறையவில்லை என்று வந்தது. அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு கேஸுக்கும் பிறகு உட்கார்ந்து பேசினார்கள். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்திலும் சிமுலேஷன் இருக்கிறது. மென்பொருள் வாங்கும் கல்லூரிகள் அந்தப் பேச்சுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். நேரமில்லை என்று அதை விட்ட வாரங்களில் நான் படித்த கேஸ் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை.

திரையில் இருப்பவர் இங்கிலீஷில் பேசுவார். நம் வார்டில் "கிறுகிறுன்னு வருது சிஸ்டர்", "என்னமோ படபடங்குது" என்பார்கள். அதைக் கேட்டவுடன் சர்க்கரை பார்க்கத் தோன்ற வேண்டும். கடைசி செமஸ்டரில் மேடம் தானே கட்டிலில் படுத்து இப்படிப் பேசிக் காட்டினார், இன்னொருவர் சொந்தக்காரராக நின்று சத்தம் போட்டார். கம்ப்யூட்டரில் எப்போதும் முதலிடம் பிடிக்கும் தோழி அன்று குளுக்கோமீட்டரைக் கையில் வைத்துக்கொண்டே அசையாமல் நின்றாள். அடுத்த வாரம் அவளே மறுபடி செய்கிறேன் என்று கேட்டு வந்தாள்.